டிஸ்டோபியா நாவலில் ஒடுக்குமுறையையும் எதிர்ப்பையும் ஆராய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

டிஸ்டோபியா நாவல்களை, அதாவது கொடுங்கோன்மையில் சிக்கிய கற்பனைச் சமூகங்களைக் காட்டும் நாவல்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். முதல் பாதியில் அரசு செய்யும் கொடுமைகள் வரிசையாக வரும். இரண்டாம் பாதியில் நாயகனின் கலகங்கள் வரும். கடைசிப் பத்தியில் அவன் வென்றானா தோற்றானா என்ற தீர்ப்பு வரும். இவற்றில் தகவல் பிழை இருக்காது. ஆனால் நாவலைத் தொடாமல் கதைச்சுருக்கத்தை மட்டும் படித்தவரும் இதையே எழுதிவிடலாம் என்பதுதான் குறை.

ஒடுக்குமுறையும் எதிர்ப்பும் இரு தனிப் பட்டியல்களாக நாவலில் இருப்பதில்லை. ஓர் ஆட்சி எதைப் பறிக்கிறதோ, அந்த இடத்தில்தான் எதிர்ப்பு முளைக்கிறது. பெரும்பாலும் ஒடுக்குமுறையின் சாயலையும் சுமந்துகொண்டே முளைக்கிறது. இந்தப் பிணைப்பைப் பிரதியிலிருந்து எடுத்துக்காட்டுவதற்கான வழிமுறையைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இரண்டு முறை படியுங்கள், இரண்டாம் முறை குறைவாகப் படியுங்கள்

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். எந்தக் காட்சியில் மனம் கனத்தது, எங்கே எரிச்சல் வந்தது, எங்கே பக்கங்கள் வேகமாக ஓடின என்பதை முடித்தபின் நினைவிலிருந்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாம் வாசிப்பில் முழு நாவலும் தேவையில்லை. மூன்று காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பக்கங்களை வரி வரியாகப் படித்தால் போதும். ஒன்று ஆட்சியின் நடைமுறை அன்றாடத்தில் தெரியும் காட்சி. இன்னொன்று முதல் மீறல் நிகழும் காட்சி. மூன்றாவது, எதற்காக இருக்கிறது என்று உங்களுக்கே புரியாத ஒரு காட்சி. மூன்றாவதுதான் பெரும்பாலும் நல்ல கட்டுரையைத் தருகிறது.

படி 2: ஆட்சி கொடுத்த வாக்கைக் கண்டுபிடியுங்கள்

எந்தக் கொடுங்கோன்மையும் தன்னைக் கொடுங்கோன்மை என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) காட்டும் உலக அரசு நிலைத்தன்மையையும் மகிழ்ச்சியையும் வாக்களிக்கிறது. வாக்கைக் காப்பாற்றவும் செய்கிறது. அங்கே யாருக்கும் பசியில்லை, துக்கம் வந்தால் சோமா மாத்திரை இருக்கிறது. மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) நாவலில் கிலியட் அரசு பெண்களுக்குப் பாதுகாப்பை வாக்களிக்கிறது. ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) நாவலில் யார் மனமும் புண்படாத அமைதிதான் வாக்கு. நூல்களை எரிக்கும் வழக்கம் மேலிருந்து வந்த ஆணையால் தொடங்கவில்லை, மக்களே வாசிப்பைக் கைவிட்டார்கள் என்று அந்த எரிப்பு வேலையைச் செய்யும் தீயணைப்புப் படையின் தலைவர் பீட்டி விளக்குகிறார். எதிர்முகாமில் நிற்கும் முன்னாள் பேராசிரியர் ஃபேபரும் ஏறக்குறைய இதையே சொல்வதால், அதை வில்லனின் சால்ஜாப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

வாக்கு எது என்று தெரிந்தால், அதற்குக் கொடுத்த விலை எது என்ற கேள்வி தானாக வரும். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' (1949) இதில் விதிவிலக்கானது. ஆளும் கட்சி அதிகாரத்தை அதிகாரத்துக்காகவே விரும்புகிறது என்று அதன் உயர்மட்ட உறுப்பினன் ஓபிரையன் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறான். மற்ற நாவல்களைப் படித்துவிட்டு இதற்கு வருபவர்களுக்குத்தான் அந்த ஒப்புதலின் குளிர் முழுதாக உறைக்கும்.

படி 3: 'அரசு' என்ற சொல்லை விலக்கிவிட்டு எழுதிப் பாருங்கள்

"அரசு மக்களை ஒடுக்குகிறது" என்ற வாக்கியத்தைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். யார், யாரை, எந்தக் கருவியால், எந்த அறையில், யாருக்கு லாபமாக என்று கேளுங்கள். விடைகள் உடனே வேறுபடத் தொடங்கும். யெவ்கெனி ஸம்யாட்டினின் 'வீ' (We) நாவலில் கட்டடங்கள் கண்ணாடியால் ஆனவை. திரையை இறக்கிக்கொள்ள இளஞ்சிவப்புச் சீட்டு வேண்டும், அதுவும் குறித்த மணி நேரத்துக்கு மட்டுமே. சுவரே அங்கே காவலர். ஹக்ஸ்லியில் தூக்கத்தில் காதில் ஓதப்படும் வாசகங்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

அட்வுட்டின் நாவலில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது தூக்குக் கயிறு அல்ல, ஒரு சாதாரண நாள். பெண்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்படுகின்றன. அதே நாளில் கதைசொல்லி நூலக வேலையையும் இழக்கிறாள். பணம் இனி கணவனின் பெயரில்தான் இருக்கும். கணவன் லூக் நல்லவன். உன்னை நான் பார்த்துக்கொள்வேன் என்று ஆறுதல் சொல்கிறான். அந்த ஆறுதலில்தான் அவளுக்கு முதல் முறையாகச் சந்தேகம் வருகிறது: இந்த மாற்றம் அவனுக்கு உள்ளூர அவ்வளவு கசக்கவில்லையோ? ஒடுக்குமுறை ஆணையாக அறிவிக்கப்பட்டு, அன்பின் குரலில் வீட்டுக்குள் நுழையும் அந்தக் கணத்தை 'அரசு' என்ற ஒற்றைச் சொல்லால் பிடிக்கவே முடியாது.

படி 4: வாக்கியத்தின் எழுவாயைத் தேடுங்கள்

மொழியே ஆயுதமாகும் நாவல்களில் இலக்கணம்தான் சிறந்த ஆய்வுக் கருவி. இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, ஆட்சிக்கே உரிய சொற்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றும் எந்தச் செயலை மூடுகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' (2005) நாவலில், உறுப்புகளுக்காகவே வளர்க்கப்படும் இளைஞர்கள் செய்வது 'கொடை'. அவர்கள் இறப்பது 'நிறைவு'. கொடை என்றால் கொடுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு மறுக்கும் உரிமையும் இருக்க வேண்டும். இங்கே அந்த உரிமை இல்லை. சொல் மட்டும் இருக்கிறது.

இரண்டாவது, செயப்பாட்டு வினைகளையும் தோன்றா எழுவாய்களையும் அடிக்கோடிடுங்கள். "அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்" என்ற வாக்கியத்தில் வெளியேற்றியவர் யார்? ஒரு பாத்திரம் முதல் அத்தியாயத்தில் இப்படிப் பேசிவிட்டு, பின்னொரு அத்தியாயத்தில் "அவன் வெளியேற்றினான்" என்று பெயர் சொல்லத் தொடங்கினால், கோஷம் போடாமலே ஓர் எதிர்ப்பு நிகழ்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எழுவாயை மறைத்தது ஆசிரியரா மொழிபெயர்ப்பாளரா என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வாதத்தைக் கட்டக்கூடாது.

படி 5: எதிர்ப்பை அதன் அளவில் பாருங்கள்

புரட்சி நடந்தால்தான் எதிர்ப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்த நாவல்களில் பாதி காலியாகத் தெரியும். அட்வுட்டின் கதைசொல்லி ஆஃப்ரெட், அதிகாரிகளுக்குக் குழந்தை பெற்றுத்தரப் பணிக்கப்பட்டவள், சாப்பாட்டுத் தட்டிலிருந்து வெண்ணெயை எடுத்துக் காலணிக்குள் ஒளித்து வைத்து, இரவில் முகத்தில் தடவிக்கொள்கிறாள். அவளுக்கு முகப்பூச்சு மறுக்கப்பட்டிருக்கிறது, ஏனென்றால் அவள் உடல் ஒரு கொள்கலன். கருப்பை மட்டும் பழுதில்லாமல் இருந்தால் போதும். தோல் மென்மையாக இருக்க வேண்டும் என்று அவள் நினைப்பதே, இந்த உடலை ஒருநாள் அன்போடு யாராவது தொடுவார்கள் என்ற நம்பிக்கையின் செயல். பறிக்கப்பட்டது எதுவோ, எதிர்ப்பு துல்லியமாக அதன் வடிவத்தை எடுத்திருக்கிறது. அரசியல் அறிவியலாளர் ஜேம்ஸ் சி. ஸ்காட் 1985இல் எழுதிய 'வெப்பன்ஸ் ஆஃப் தி வீக்' என்ற நூலில், மெத்தனம், தெரியாதது போன்ற பாவனை, சில்லறைத் திருட்டு போன்றவற்றை எளியவர்களின் ஆயுதங்களாக விளக்கினார். வெண்ணெயைப் படிக்க அந்தக் கருத்து உதவும். ஆனால் கோட்பாட்டை முதலில் வைத்து நாவலை அதற்குள் திணிக்காதீர்கள்.

ஒவ்வொரு மீறலிடமும் சில கேள்விகள் கேளுங்கள். பிடிபட்டால் தண்டனை என்ன? யாராவது பார்த்தார்களா? செய்தவர் அதற்குப்பின் மாறினாரா? முக்கியமாக, இந்த மீறலை ஆட்சி தெரிந்தே அனுமதித்ததா? ஆஃப்ரெட் இருக்கும் வீட்டின் அதிகாரியான கமாண்டரின் அறையில் ரகசியமாக ஆடும் ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டு, வாசிப்பே தடைசெய்யப்பட்ட ஒரு பெண்ணுக்குப் பெரும் மீறல்தான். ஆனால் அதை ஏற்பாடு செய்பவன் அந்தச் சட்டங்களை உருவாக்கியவர்களில் ஒருவன். அவளுக்கு அது சுதந்திரமா, அவனுக்குக் கேளிக்கையா என்ற கேள்விக்கு 'இரண்டும்' என்று எழுதிவிட்டுப் போகாமல், எந்த வரியில் எது மேலோங்குகிறது என்று காட்ட வேண்டும்.

'1984'இல் இதைவிடக் கடுமையான ஓரிடம் உண்டு. கட்சிக்கு எதிரான ரகசிய அமைப்பில் சேர நாயகன் வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும் ஓபிரையனிடம் செல்கிறார்கள். ஒரு குழந்தையின் முகத்தில் அமிலம் ஊற்றுவது உட்பட எதையும் செய்யத் தயாரா என்று அவன் கேட்கும்போது, தயார் என்கிறார்கள். பின்னர் சிறையில் அந்த ஒலிப்பதிவையே ஓபிரையன் போட்டுக் காட்டுகிறான். எதிர்ப்பு எதிரியின் கருவிகளைக் கையிலெடுத்த கணத்தை ஆர்வெல் தப்பிக்க விடவில்லை.

படி 6: ஒரு காட்சியை முழுதாகப் பிரித்துப் பாருங்கள்

வழிமுறையை ஒரே காட்சியில் செயல்படுத்திக் காட்டுகிறேன். '1984'இன் முதல் அத்தியாயத்தில் வின்ஸ்டன் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். அவனுடைய அறையில், ஆட்களைக் கண்காணிக்கும் தொலைத்திரை வழக்கத்துக்கு மாறான இடத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், புத்தக அலமாரிக்காக விடப்பட்டிருக்கக்கூடிய ஒரு சிறு மாடத்தில் உட்கார்ந்தால் அதன் பார்வையிலிருந்து தப்பலாம். முதல் குறிப்பு இதுதான்: எதிர்ப்புக்கான இடம் கட்டடத்தின் ஒரு பிசகால் கிடைத்திருக்கிறது. இரண்டாவது, நாட்குறிப்பு எழுதுவது சட்டவிரோதமல்ல, ஏனென்றால் அந்த நாட்டில் சட்டமே இல்லை. ஆனாலும் பிடிபட்டால் மரணமோ 25 ஆண்டு கட்டாய உழைப்பு முகாமோ நிச்சயம். விதியே இல்லாத இடத்தில் எது மீறல் என்பதை அவரவர் அச்சம்தான் தீர்மானிக்கிறது. மூன்றாவது, தேதியை எழுதும்போதே இது 1984தானா என்று அவனுக்கு உறுதியில்லை.

பெரும்பாலான வாசகர்கள் இதுவரை வந்துவிட்டு, அடுத்து அவன் பெரிய எழுத்துகளில் எழுதும் 'பெரியண்ணன் ஒழிக' என்ற, கட்சித் தலைவருக்கு எதிரான வாசகத்துக்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் ஒரு பத்தி இருக்கிறது. அவன் உண்மையில் முதலில் எழுதுவது, முந்தைய இரவு பார்த்த போர்ப் படத்தைப் பற்றி. அகதிகள் நிறைந்த கப்பல் ஒன்று குண்டுவீச்சுக்கு இலக்காகிறது. நீந்தித் தப்ப முயலும் ஒரு மனிதன் சுடப்படுகிறான். படகில் ஒரு தாய் தன் கையால் குழந்தையை மூடிக்கொள்கிறாள், குண்டைத் தடுக்க அந்தக் கையால் முடியும் என்பது போல. இதையெல்லாம் வின்ஸ்டன் நிறுத்தற்குறிகள் நழுவும் நடையில், நல்ல படம் என்ற ரசனையோடு எழுதுகிறான். கட்சி உறுப்பினர்களின் இருக்கைகளில் கைதட்டல். அப்போது கீழே பாட்டாளிகளின் பகுதியிலிருந்து ஒரு பெண் எழுந்து, குழந்தைகள் முன்னால் இதைக் காட்டக்கூடாது என்று கத்துகிறாள். போலீஸ் அவளை வெளியேற்றுகிறது. பாட்டாளிகள் சொல்வதை யார் கண்டுகொள்கிறார்கள் என்று அவளை அலட்சியமாக ஒதுக்கிவிட்டு மேலே எழுதப் போகிறான் நம் நாயகன்.

இந்த ஒரு பக்கத்தில் இரண்டு எதிர்ப்புகள் இருக்கின்றன. ஒன்று மாடத்தில் ஒளிந்து, யாருக்கென்று தெரியாமல் எழுதப்படுவது. மற்றது வாய்விட்டு, எல்லோர் முன்னாலும், ஒரு குழந்தைக்காக நிகழ்வது. முதலாவதைச் செய்பவனுக்கு இரண்டாவது கண்ணில் படவில்லை, அதுவும் அவன் கையாலேயே எழுதப்பட்டிருக்கும்போது. நாவலின் இரண்டாம் பகுதியில் தன் தாயைப் பற்றிய கனவிலிருந்து விழித்தபின் அவனுக்கு அந்தப் படகுத் தாயின் கை மீண்டும் நினைவுக்கு வருகிறது. எந்தப் பயனும் தராத அந்த அரவணைப்புக்குத் தன்னளவில் மதிப்பிருந்தது என்றும், பாட்டாளிகள்தான் மனிதர்களாக மிஞ்சியிருக்கிறார்கள் என்றும் உணர்கிறான். ஒரு கைச்சைகை நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கடந்து பொருள் மாறுவதைக் காட்டினால், 'மையக்கருத்து' என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே அதை நிறுவிவிட்டீர்கள்.

படி 7: கதைசொல்லியை விசாரியுங்கள்

யார் பேசுகிறார், யாரிடம், எப்போது? ஸம்யாட்டினின் நாவலில் கதைசொல்லி டி-503 கலகக்காரனாகத் தொடங்கவில்லை. விண்கலத்தில் ஏற்றி மற்றக் கோள்களின் உயிர்களுக்கு அனுப்புவதற்காக, தன் அரசின் பெருமையைப் பாடத்தான் அவன் எழுத உட்காருகிறான். நாவலின் பெயரான 'வீ' தன்மைப் பன்மைச் சொல் ஒன்று. ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் அதற்கு ஒரே சொல்தான். தமிழில் வைக்கும்போது 'நாம்' என்பதா 'நாங்கள்' என்பதா என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள அரசு விரும்பும் சொல் 'நாம்'. வேற்றுக்கோளின் வாசகர்களிடம் பேசும் டி-503 சொல்லக்கூடியது 'நாங்கள்'. 'நான்' என்று அவன் தயங்கிச் சொல்லத் தொடங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனால், எதிர்ப்பின் வரைபடம் கையில் கிடைத்துவிடும்.

கதைசொல்லி காணாதவர்களையும் கணக்கில் எடுங்கள். பெயரில்லாதவர்கள், வேலையாட்கள், ஒரே வரியில் மறைந்துபோகிறவர்கள் யார்? நாயகனின் விடுதலை அவர்களைத் தொடாமலே முடிகிறதென்றால், அது நாவலின் விமர்சனமா அல்லது நாவலாசிரியரின் குருட்டுப்புள்ளியா என்று தீர்மானிப்பது ஆய்வாளரின் கடமை.

படி 8: முடிவை வைத்துத் தீர்ப்பெழுதாதீர்கள்

நாயகன் தோற்றதால் நாவல் நம்பிக்கையற்றது என்பது அவசரத் தீர்ப்பு. டி-503க்குக் கற்பனையை அகற்றும் அறுவை சிகிச்சை நடக்கிறது. தன் காதலி ஐ-330 சித்திரவதை செய்யப்படுவதை அவன் சலனமின்றிப் பார்க்கிறான். ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. அவனுடைய குழந்தையைச் சுமக்கும் ஓ-90 மதிலுக்கு வெளியே போய்விட்டாள். நகரத்துக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. தோற்றது கதைசொல்லி, கதை அல்ல.

கதை முடிந்தபின் வரும் பக்கங்களையும் தவறாமல் படியுங்கள். 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' 2195ஆம் ஆண்டின் ஒரு கருத்தரங்க உரையோடு முடிகிறது. கிலியட் வீழ்ந்துவிட்டது, ஆஃப்ரெட்டின் குரல் ஒலிநாடாக்களில் கிடைத்திருக்கிறது. ஆனால் உரையாற்றும் பேராசிரியர் பெண்களை வைத்துச் சிலேடை பேசுகிறார், கமாண்டர் யார் என்பதில்தான் அதிக அக்கறை காட்டுகிறார், கிலியட்டைக் கண்டிப்பதில் அவசரம் கூடாது என்கிறார். '1984'இன் பின்னிணைப்பு, கட்சி உருவாக்கிய நியூஸ்பீக் மொழியை இறந்தகாலத்தில் விவரிப்பதால், கட்சி என்றோ வீழ்ந்துவிட்டது என்று சிலர் வாதிடுகிறார்கள். வினைமுற்றின் காலத்தை மட்டும் நம்பி அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்த வாதத்தைச் சொல்லிவிட்டு மறுப்பது, சொல்லாமல் விடுவதைவிட மேலானது.

படி 9: வரலாற்றை அளவோடு சேருங்கள்

ஸம்யாட்டின் ஜார் ஆட்சியிலும் போல்ஷெவிக் ஆட்சியிலும் சிறை கண்டவர். அவருடைய நாவல் 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது, சோவியத் நாட்டில் 1988இல்தான் அச்சேறியது. ஆர்வெல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டார். மனித வரலாற்றில் எங்காவது நடந்திராத எதையும் தன் நாவலில் சேர்க்கவில்லை என்று அட்வுட் சொல்லியிருக்கிறார். இந்தத் தகவல்கள் ஒரு பத்திக்குப் போதும். இந்தப் பாத்திரம் இந்தச் சர்வாதிகாரி, இந்த அமைச்சகம் அந்த நாட்டு உளவுத்துறை என்று பொருத்திக்கொண்டே போனால் நாவல் விடுகதையாகச் சுருங்கிவிடும்.

படி 10: வாதத்தை எழுதுங்கள், பிறகு அதை நீங்களே தாக்குங்கள்

"'1984' சர்வாதிகார ஒடுக்குமுறையையும் தனிமனித எதிர்ப்பையும் சித்திரிக்கிறது" என்ற வாக்கியத்தை யாரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாதது வாதமாகாது. ஆறாம் படியில் கிடைத்ததை வைத்து இப்படி எழுதலாம்: "வின்ஸ்டனின் நாட்குறிப்பு எதிர்ப்பாகத் தொடங்கினாலும் அதன் முதல் பக்கம் கட்சியின் பார்வையிலேயே எழுதப்படுகிறது, பிறருக்காகக் குரல் எழுப்பும் பெண்ணைக் காணத் தவறும் அவன், எதிர்ப்பைத் தன் மண்டைக்குள் காக்க வேண்டிய சொத்தாகவே கருதுவதால், அந்த மண்டையைக் கைப்பற்றியவுடன் கட்சியின் வேலை முடிந்துவிடுகிறது." இதை மறுக்கலாம், அதனாலேயே இது வாதம்.

எழுதியதும் எதிர்ச்சான்றைத் தேடுங்கள். நம்பிக்கை பாட்டாளிகளிடம்தான் இருக்கிறது என்று அதே நாட்குறிப்பில் வின்ஸ்டன் எழுதுகிறான். அப்படியானால் அவன் அவர்களைக் காணவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு வர்க்கமாகக் காண்கிறான், கத்திய அந்த ஒருத்தியைக் காணவில்லை என்று வாதத்தைக் கூர்மையாக்கலாம். சரி, ஜன்னலுக்குக் கீழே துணி உலர்த்திக்கொண்டே பாடும் பெண்ணை அவன் கடைசியில் வியந்து பார்க்கிறானே என்று அடுத்த கேள்வி வரும். அந்த வியப்பு முடிவதற்குள் சிந்தனைக் காவலர்கள் அறைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அவள் யார், அவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை பேச அவன் கீழே இறங்கிப் போகவில்லை என்பதை அந்தப் பக்கங்களிலிருந்தே எடுத்துக்காட்டி, உங்கள் கடைசிப் பத்தியை அங்கே தொடங்குங்கள்.